வோல்ட் கூடிய கெபாசிட்டரும் நீல வில்லையும்

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். ஒன்பது வருடம் ஓடிய 32 அங்குல எல்சிடி டிவி. ஒரு மாதமாக, ரிமோட்டை அழுத்தினால் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஐந்து பத்து நிமிடம் கழித்துத்தான் படம் வரும். இப்போது அதுவும் இல்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்ததில், பவர் போர்டில் 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் என்று எழுதிய இரண்டு கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறது. கடையில் 10 வோல்ட் இல்லை என்று 1000/25 கொடுத்திருக்கிறார்கள். வோல்ட் கூடினால் டிவி எரிந்துவிடும் என்று உங்கள் அண்ணன் தடுக்கிறார். கூடவே, நீல நிற வில்லை (தட்டையாக வட்டமாக இருக்கும் செராமிக் கெபாசிட்டர்) ஒன்றின் விளிம்பு உடைந்திருந்ததால், அதில் இருந்த 222 என்ற எண்ணைச் சொல்லி, அதே எண் போட்ட பழுப்பு வில்லை ஒன்றையும் வாங்கி வைத்திருக்கிறீர்கள். இரண்டையும் போடலாமா, எங்கே வாங்குவது என்பது கேள்வி.

சுருக்கமான பதில்: 1000/25 போடலாம், அது எந்த வகை என்று பார்த்துவிட்டு. பழுப்பு வில்லையை, அது உட்காரப்போகும் இடம் எது என்று தெரியும்வரை, போடவே போடாதீர்கள். நீங்களும் அண்ணனும் எதைப் பற்றி வாதாடினீர்களோ அதில் ஆபத்தில்லை. பேச்சே எழாத அந்த இரண்டு ரூபாய்ப் பொருளில்தான் இருக்கிறது. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

26 வருடங்களாக நான் பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். படக்குழாய் டிவியில் தொடங்கினேன். இப்போது வருவதெல்லாம் எல்இடி டிவி, இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின் போர்டு. பொறியியல் படித்தவன் அல்ல, ஐடிஐ படிப்பும் கைப்பழக்கமும்தான். கெபாசிட்டருக்குள் நடக்கும் வேதியியலைவிட, அது போர்டில் எப்படிக் கெடுகிறது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிப் புத்தகம் இதை மின்தேக்கி என்கிறது, மின்விசிறிக் கடைக்காரர் கண்டென்சர் என்கிறார், பொருள் ஒன்றுதான். நான் கெபாசிட்டர் என்றே எழுதுகிறேன்.

முதலில் வோல்ட். மேலே அச்சிட்டிருப்பது கெபாசிட்டர் கொடுக்கும் வோல்ட் அல்ல, தாங்கும் வோல்ட். ஐம்பது கிலோ தாங்கும் கயிற்றில் பத்துக் கிலோ வாளியைக் கட்டினால் வாளி கனத்துவிடாது. 10 வோல்ட் கெபாசிட்டர் இருந்த இடத்தில், பெரும்பாலும், டிவி அணைந்திருக்கும்போதும் வந்துகொண்டிருக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம்தான் இருக்கும். அங்கே 16, 25, ஏன் 35 வோல்ட் கெபாசிட்டரைப் போட்டாலும் இருக்கப்போவது அதே 5 வோல்ட்தான். கீழே இறங்கத்தான் கூடாது. 5 வோல்ட் இடத்தில் 6.3 வோல்ட் போட்டுக் காலம் தள்ளும் தயாரிப்பாளர்கள் உண்டு. பழுது பார்க்கிறவர் அந்தச் சிக்கனத்தைப் பின்பற்றத் தேவையில்லை.

இந்த விஷயத்தில் நான் கண்டிப்பாக இருக்கும் இடம், மின்சாரம் உள்ளே நுழைந்ததும் நிற்கும் அந்தப் பெரிய கெபாசிட்டர். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்றால், டயோடு வழியாக வந்தபின் அதன் உச்சம் 325 வோல்ட். இரவில் லைனில் 250 வோல்ட் ஏறினால் 350ஐத் தாண்டும். அதனால்தான் அங்கே 400 வோல்ட் போடுகிறார்கள். சில போர்டுகளில் மின்சாரத்தைச் சீராக இழுக்கும் தனிச் சுற்று ஒன்று இருக்கும். அதில் எப்போதுமே 380 முதல் 400 வோல்ட்வரை நிற்கும், ஆகவே 450 வோல்ட் கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அந்த 450க்குப் பதில் "400தான் இருக்கிறது, ஓடும்" என்று கடையில் சொன்னால் வாங்காமல் திரும்பி வாருங்கள்.

கொள்ளளவில், அதாவது மைக்ரோஃபாரட் எண்ணில், அவ்வளவு கறார் தேவையில்லை, இடத்தைப் பொறுத்து. எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் (உள்ளே திரவம் இருக்கும் உங்கள் உருளை வகை) பெரும்பாலும் 20 சதவீதம் கூடக் குறைய வருபவைதான். உங்கள் இடத்தில் 1000க்குப் பதில் 1200 போட்டால் ஒன்றும் ஆகாது. 2200 போட்டால் டிவி இன்னும் நன்றாக ஓடும் என்று நினைப்பது தவறு. ஆன் ஆகும் நொடியில் கூடுதல் மின்சாரம் இழுக்கும், சில சப்ளைகள் (பவர் போர்டுகள்) அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு தொடங்கவே மறுக்கும். நேரத்தை எண்ணும் சுற்றிலோ, ஒலியைப் பிரிக்கும் சுற்றிலோ இருக்கும் கெபாசிட்டருக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே போட்டிருந்த அளவையே போட வேண்டும்.

கடைக்காரரிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: இது எத்தனை டிகிரி, லோ இஎஸ்ஆர் வகையா? உடலில் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். பவர் போர்டுக்கு 105தான். இஎஸ்ஆர் என்பது கெபாசிட்டரின் உள்தடை. உங்கள் டிவி சப்ளை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது; ஒவ்வொரு வெட்டுக்கும் இந்தக் கெபாசிட்டர் நிரம்பி வடிய வேண்டும். உள்தடை அதிகமாக இருந்தால் அந்த ஓட்டத்திலேயே சூடாகி, உள்ளே இருக்கும் திரவம் வற்றி, சில மாதங்களில் மறுபடி தலை உப்பும். பழைய ரேடியோவுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் போடும் சாதாரண வகை பார்வைக்கு அச்சு அசலாக இதைப் போலவே இருக்கும். மேலே எண்ணும் ஒன்றாகவே இருக்கும். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் உடலில் இருக்கும் வரிசைப் பெயரைப் பார்க்க வேண்டும். பானசோனிக்கில் எஃப்ஆர், எஃப்எம், ரூபிகானில் இசட்எல்ஹெச், நிச்சிகானில் ஹெச்இ. இவை எல்லாம் லோ இஎஸ்ஆர் வகைகள். அவை கிடைத்தால் அதற்குமேல் யோசிக்க வேண்டாம். வோல்ட் கூடிய கெபாசிட்டரில் ஒரு மறைமுக லாபமும் உண்டு: உடல் பெரிதாவதால் அதே வரிசையில் உள்தடை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அண்ணனிடம் இதையும் சொல்லுங்கள்.

உடல் பெரிதாவதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. 1000/10 பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் குறுக்களவில் வரும், கால் இடைவெளி மூன்றரை மில்லிமீட்டர். 1000/25 பத்து மில்லிமீட்டர் இருக்கும், இடைவெளி ஐந்து. இடம் போதாமல் காலை நீட்டி, கெபாசிட்டரைக் கொக்குபோல உயரத்தில் நிறுத்திவிட்டுப் போகும் வேலையை நிறையப் பார்த்திருக்கிறேன். நீண்ட கால் உள்தடையோடு சேர்ந்துகொள்ளும். அசைந்தால் பற்றவைப்பும் விடும். இடம் இல்லை என்றால் 1000/16 தேடுங்கள்.

ஏன் இந்த இரண்டு மட்டும் உப்பின? இதற்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. கெபாசிட்டரின் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்காகும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று தயாரிப்பாளர் சொன்னால், 55 டிகிரியில் ஐந்து முறை இரட்டித்து 64,000 மணி நேரம். பெரிதாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் ஸ்டாண்ட்பை கெபாசிட்டர் நாளுக்கு நான்கு மணி நேரம் வேலை செய்வதில்லை. ரிமோட்டில் அணைத்தாலும் சுவரில் சுவிட்ச் போட்டபடியே இருப்பதால் 24 மணி நேரமும் வேலைதான். 64,000 மணி நேரம் என்பது ஏழு வருடமும் சில மாதமும். பக்கத்திலேயே வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடு நின்றால் இன்னும் குறையும். இது தோராயம்தான், உங்களுடையது ஒன்பது வருடம் தாங்கியிருக்கிறது, அதே வகை மூன்று வருடத்தில் போனதையும் பார்த்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சில வருடங்களில் திரவத்தின் கலவையே கோளாறாக இருந்த கெபாசிட்டர்கள் உலகம் முழுவதும் கணினி மதர்போர்டுகளில் புகுந்து, இரண்டு மூன்று வருடங்களிலேயே வரிசையாக வெடித்தன. திருடப்பட்ட சூத்திரத்தை அரைகுறையாகக் காப்பியடித்ததால் வந்த வினை என்று அப்போது ஒரு கதை பரவியது. கதை எப்படியோ, வெடித்தது உண்மை. அந்த ஆண்டுகளில் என் வருமானத்தில் பாதி அதுதான்.

ஐந்து நிமிடம் கழித்து டிவி வந்ததற்கும் இதே திரவம்தான் காரணம். வற்றிக்கொண்டிருக்கும் கெபாசிட்டரின் உள்தடை குளிர்ச்சியில் அதிகம், சூடேறினால் குறையும். சப்ளை முயன்று முயன்று தோற்கும்போது கெபாசிட்டர் மெல்லச் சூடாகிறது, ஒரு கட்டத்தில் எடுத்துக்கொள்கிறது. "காலையில் வருவதில்லை, மத்தியானம் வந்துவிடுகிறது" என்று யாராவது சொன்னால், மூடியைத் திறக்காமலேயே கெபாசிட்டர் பக்கம் என் சந்தேகம் போய்விடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உப்பியது கெட்டது என்பது நிச்சயம். உப்பாதது நல்லது என்பது நிச்சயமில்லை. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு டிவி வந்தது. உப்பிய நான்கையும் மாற்றினேன். சிவப்பு விளக்கு இன்னும் சிமிட்டியது. சப்ளையைக் கட்டுப்படுத்தும் ஐசியை மாற்றினேன், சிமிட்டியது. இரண்டு மணி நேரம் போனது. முதன்மைப் பக்கத்தில் (வீட்டு மின்சாரம் நுழையும் பக்கம்), அந்த ஐசிக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நுனியைவிடச் சிறியதாக ஒரு 47 மைக்ரோ 50 வோல்ட். தலை கண்ணாடிபோலத் தட்டையாக இருந்தது. வீட்டுக்காரியின் ஹேர் டிரையரை எடுத்து அதன் மீது மட்டும் ஊதினேன். அரை நிமிடத்தில் சிமிட்டல் நின்று, விளக்கு நிலையாக எரிந்தது. ரிமோட்டை அழுத்தியதும் படம் வந்தது. கழற்றி அளந்தபோது 47க்குப் பதில் 4 மைக்ரோவும், முப்பது ஓமுக்கு மேல் உள்தடையும் காட்டியது. பெரிய கெபாசிட்டரின் தலையில் சிலுவைபோலக் கீறல் இருப்பதால்தான் அழுத்தம் ஏறும்போது அது உப்பித் திறக்கிறது. இவ்வளவு சிறிய உடலில் பெரும்பாலும் அந்தக் கீறலே இருக்காது, சத்தமில்லாமல் வற்றிப்போகும். ஆகவே உங்கள் போர்டிலும் கட்டுப்பாட்டு ஐசிக்குப் பக்கத்தில் 10 முதல் 47 மைக்ரோவுக்குள், 50 வோல்ட் என்று ஒன்று இருந்தால், கேட்காமலே மாற்றிவிடுங்கள். விலை ஐந்து ரூபாய் இருக்கும். (மின்சாரம் இருக்கும் போர்டில் ஹேர் டிரையர் வித்தையை நீங்கள் செய்ய வேண்டாம். எனக்கு, போர்டை வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது, இடது கையைப் பைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கமும் இருக்கிறது.)

இன்னொரு குழப்பம்: கெபாசிட்டரின் அடியில் பழுப்பு நிறத்தில் காய்ந்திருப்பதெல்லாம் கசிந்த திரவம் அல்ல. அசையாமல் இருக்கத் தொழிற்சாலையில் வைத்த மஞ்சள் பசை, சூட்டில் பழுப்பாகி இறுகும். ஆனால் அதையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். பழைய பசை மெல்ல மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும், அடியில் இருக்கும் கம்பிகளையும் அரிக்கும்.

கழற்றும் முன் போர்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திசைக்காக. உருளை கெபாசிட்டரில் பட்டை இருக்கும் பக்கம் எதிர்மின். புதியதில் நீளமான கால் நேர்மின். போர்டில் வட்டத்தின் பாதி வெள்ளையாக நிரப்பியிருந்தால் பொதுவாக அது எதிர்மின் பக்கம்; பொதுவாகத்தான், மாற்றி அச்சிட்ட போர்டுகளும் இருக்கின்றன. பழையது இருந்த விதமே சாட்சி. மஞ்சளாகவோ கறுப்பாகவோ செவ்வகமாக ஒட்டியிருக்கும் டான்டலம் வகையில் கதை தலைகீழ்: அதில் பட்டை இருப்பது நேர்மின் பக்கம். அலுமினிய உருளையில் பழகிய கை டான்டலத்தைத் திருப்பிப் போட்டால், அது உப்பி எச்சரிக்காது, நேராகத் தீப்பிடிக்கும்.

இப்போது நீல வில்லைக்கு வருகிறேன். 222 என்பது அளவு மட்டும்தான். முதல் இரண்டு இலக்கம் அப்படியே, மூன்றாவது இலக்கம் எத்தனை சுழியம் என்பது, அலகு பிக்கோஃபாரட். ஆக 222 என்றால் 2200 பிக்கோ, அதாவது 2.2 நானோஃபாரட். உங்கள் சப்ளையில் இந்த 222 இரண்டு விதமான இடங்களில் இருக்கக்கூடும். ஒன்று, முதன்மைப் பக்கத்துக்குள்ளேயே, டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வை அடக்க ஒரு ரெசிஸ்டரோடும் டயோடோடும் நிற்பது. அங்கே 1 கிலோவோல்ட் சாதாரண வில்லை போதும், பழையதிலும் அப்படியே எழுதியிருந்தால். இன்னொன்று, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில், ஒரு கால் மின்சாரம் வரும் பக்கத்திலும் மறு கால் டிவி பக்கத்திலுமாகப் பாலம்போல நிற்பது. போர்டைத் திருப்பிப் பாருங்கள். செம்பு இல்லாத ஓர் அகலமான பாதை இரண்டு பக்கத்தையும் பிரித்துக்கொண்டு போகும். சில போர்டுகளில் அதன்மேல் கோடும் போட்டிருப்பார்கள். உங்கள் நீல வில்லை அந்தப் பாதையைத் தாண்டி நின்றால் அது ஒய் வகைப் பாதுகாப்புக் கெபாசிட்டர்.

அதன் வேலை, வெட்டி அனுப்பும் சுற்றில் எழும் இரைச்சலை வந்த பக்கமே திருப்பி அனுப்புவது. வேலை செய்வது இரைச்சலுக்காக. வகை நிர்ணயிக்கப்படுவது உங்கள் உயிருக்காக. அது நல்ல நிலையில் இருக்கும்போதே 230 வோல்ட்டில் சுமார் 0.16 மில்லி ஆம்பியர் அதன் வழியாக டிவி பக்கம் வரும். எர்த் இல்லாத வீட்டில் டிவியின் பின்னால் இருக்கும் உலோகச் சொருகியைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறதே, அதுதான் இது. அந்தக் கெபாசிட்டர் உள்ளே ஒட்டிக்கொண்டால் (ஷார்ட் ஆனால்), கேபிள் சொருகி, ஹெச்டிஎம்ஐ, செட்டாப் பாக்ஸின் உடல் எல்லாம் நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு சேர்ந்துவிடும். டிவி வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். யாராவது தொடும்வரை தெரியாது.

ஒய்1 வகையை 8 கிலோவோல்ட் அதிர்ச்சியிலும், ஒய்2 வகையை 5 கிலோவோல்ட்டிலும் சோதிக்கிறார்கள். கெட்டாலும் மின்சாரம் பாயாத திறந்த நிலையில் கெடும்படி வடிவமைக்கிறார்கள். 1 கிலோவோல்ட் பழுப்பு வில்லைக்கு அந்த உத்தரவாதம் எதுவும் இல்லை. அதன்மேல் இருப்பது நேர்மின்னோட்டத்துக்கான எண். வில்லைகள் பலவும் கெடும்போது ஒட்டிக்கொண்டுதான் கெடுகின்றன. உண்மையான ஒய் கெபாசிட்டரில் 222 மட்டும் இருக்காது. ஒய்1 அல்லது ஒய்2 என்றும், கூடவே எக்ஸ்1 என்றும், 250 அல்லது 400 வோல்ட் என்பதற்குப் பக்கத்தில் மாறுமின்னோட்டத்தின் நெளிகோடும், விடிஇ, யுஎல் போன்ற சோதனை அமைப்புகளின் முத்திரைகளும் அந்தக் குட்டி உடலில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். உடைந்த வில்லையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒய்1 இருந்தால் ஒய்1ஏ வாங்குங்கள், ஒய்2 போட்டு இறங்காதீர்கள். கிடைக்கவில்லையா? பழைய கெபாசிட்டரைக் கழற்றி மறுபடி போடாதே என்று எல்லோருக்கும் சொல்கிறவன் நான், இதில் மட்டும் விலக்கு தருகிறேன். நல்ல தயாரிப்பாளரின் செத்துப்போன சப்ளை ஒன்றிலிருந்து, விரிசல் இல்லாத ஒய்1ஐ எடுத்துப் போடலாம். அதில் வற்றுவதற்குத் திரவம் கிடையாது. அதுவும் இல்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுச் சோதியுங்கள். டிவி பெரும்பாலும் ஓடும், இரைச்சல் கூடலாம். தவறான கெபாசிட்டர் இருப்பதைவிட அங்கே ஒன்றுமே இல்லாதது மேல்.

இதே குடும்பத்தில் எக்ஸ் வகை என்று ஒன்று உண்டு, மின்சாரம் நுழையும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கும் மஞ்சள் அல்லது சாம்பல் நிறப் பெட்டி. 0.1, 0.22, 0.47 மைக்ரோ என்றும், எக்ஸ்2 என்றும், 275 அல்லது 310 வோல்ட் மாறுமின்னோட்டம் என்றும் எழுதியிருக்கும். அதற்கும் எக்ஸ்2தான் போட வேண்டும். "400 வோல்ட் இருக்கிறதே, இது 275தானே" என்று கணக்குப் போட்டு நேர்மின்னோட்ட வகையைப் போடுகிறவர்கள் உண்டு. 400 என்பது நேர்மின்னோட்டத்துக்கு. மாறுமின்னோட்டம் தினமும் அடித்தால் உள்ளே பொறி பறந்து தேயும். மின்விசிறி ரிமோட் போர்டிலும் இரவு விளக்கிலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மின்சாரத்தைக் குறைக்க இதே வகையைத்தான் பயன்படுத்துகிறார்கள்; 1 மைக்ரோவுக்குச் சுமார் 70 மில்லி ஆம்பியர் கிடைக்கும். மெல்லிய உலோகப் பூச்சு சிறுகச் சிறுக எரிந்து, 1 மைக்ரோ 0.3 ஆகிவிடும். அப்போது ரிலே இழுக்காது, விளக்கு மங்கும், வெளியில் ஒரு தடயமும் இருக்காது. சீலிங் ஃபேன் வருடாவருடம் மெதுவாவதும் இதனால்தான்: 2.5 மைக்ரோ 440 வோல்ட் கெபாசிட்டர் 1.5க்கு இறங்கியிருக்கும். வேகம் வேண்டும் என்று 4 மைக்ரோ போடாதீர்கள், விசிறியின் கம்பிச்சுருள் சூடேறும்.

எண் படிப்பதில் இன்னும் சில பொறிகள். 104 என்றால் 0.1 மைக்ரோ, 103 என்றால் 0.01. பின்னால் ஜே இருந்தால் 5 சதவீதம், கே 10, எம் 20. முன்னால் 2ஏ இருந்தால் 100 வோல்ட், 1ஹெச் 50, 2ஜி 400, 2ஜே 630. பிலிம் வகையில் அடிக்கடி பார்ப்பீர்கள். 220 என்ற எண்தான் ஆளைக் கவிழ்க்கும். சின்ன வில்லையில் 220 என்றால் 22 பிக்கோ. 220 பிக்கோவுக்கு 221 என்று எழுதுவார்கள். போர்டில் ஒட்டியிருக்கும் அலுமினிய உருளையில் 220 என்றால் நேரடியாக 220 மைக்ரோ. டான்டலத்தில் 107 என்று இருந்தால் மறுபடி சுழியக் கணக்கு, 100 மைக்ரோ. எந்த வகை என்று தெரியாமல் எண்ணைப் படிப்பதில் பொருளில்லை.

எதுவுமே எழுதாத, மணல் நிறத்தில் ஒட்டியிருக்கும் சிறு செராமிக் துண்டுகள் போர்டு முழுக்க இருக்கும். அவற்றைப் பார்த்து அளவு சொல்ல யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. சுற்றுப்படம் வேண்டும், அல்லது அதே போர்டின் நல்ல பிரதி வேண்டும். கழற்றி அளந்தாலும் முழு உண்மை கிடைக்காது: கொள்ளளவு அதிகமான செராமிக் வகைகள் வோல்ட் ஏறும்போது கணிசமாகச் சுருங்கும், மீட்டரோ மிகக் குறைந்த வோல்ட்டில் அளக்கும். நல்லவேளை, அவை கெடும்போது பெரும்பாலும் ஒட்டிக்கொண்டு கெடுவதால் கண்டுபிடிக்க முடிகிறது. உங்கள் டிவியில் நீங்கள் இவற்றின் பக்கம் போகத் தேவையில்லை.

அளப்பது பற்றி ஒரு வார்த்தை. மல்டிமீட்டரின் கெபாசிட்டர் அளவு மட்டும் நம்பத்தக்கதல்ல. 1000 மைக்ரோ 900 காட்டும், ஆனால் உள்தடை 3 ஓம் ஏறியிருக்கும். அந்தக் கெபாசிட்டர் பவர் போர்டுக்குப் பயனற்றது. நல்ல 1000 மைக்ரோவில் உள்தடை 0.1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். சின்ன 10 மைக்ரோவில் ஒன்றிரண்டு ஓம்கூட இயல்புதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உதிரிபாக டெஸ்டர் இரண்டையும் காட்டும். அதில் வைக்கும் முன் கெபாசிட்டரைக் காலி செய்யாவிட்டால் டெஸ்டர் அன்றோடு சரி.

வாங்கும் இடத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சென்னையில் ரிச்சி தெருவில் எல்லாம் கிடைக்கும், போலியும் கிடைக்கும். சிறிய கெபாசிட்டரைப் பெரிய கூட்டுக்குள் திணித்து, ஜப்பானியப் பெயர் போட்ட உறையைச் சுருக்கி மாட்டிவிடுவார்கள். கையில் எடுத்தால் உடலுக்கேற்ற எடை இருக்காது. நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் நம்பாதீர்கள். கேரளத்தின் கண்ணூரில் தயாராகும் கெல்ட்ரான் கெபாசிட்டர்களைப் பழைய செட்டுகளில் நிறையப் போட்டிருக்கிறேன், குறை சொன்னதில்லை. பல வருடம் அலமாரியில் தூங்கிய சரக்கு எந்தப் பெயரானாலும் வேண்டாம்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போர்டு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. 400 வோல்ட் கெபாசிட்டர் 300 வோல்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பல நிமிடம் நிற்கும், சப்ளை ஓடாமல் செத்திருந்தால் இன்னும் அதிக நேரம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து உரசாதீர்கள். ஹோல்டரில் மாட்டிய ஒரு பழைய இழை பல்பின் இரண்டு கம்பிகளை அதன் கால்களில் சில நொடி வைத்து, பிறகு மீட்டரில் அளந்து, 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததும் கை வையுங்கள்.

மாற்றி முடித்ததும் நேராகச் சுவரில் சொருகாமல் 60 வாட் இழை பல்பைத் தொடரில் வைத்து ஆன் செய்யுங்கள். எலக்ட்ரீஷியன் கடையில் கேட்டால் சீரியஸ் போர்டு என்று காட்டுவார்கள். பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே பிடுங்கிவிடுங்கள். பல்பு அணைந்து, சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தால், மெயின் போர்டுக்குப் போகும் கனெக்டரில் ஸ்டாண்ட்பை என்று எழுதிய முனையில் 5 வோல்ட் ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். 47/50ஐ மாற்றியும் அது 3க்கும் 5க்கும் இடையில் துள்ளினால் கோளாறு கெபாசிட்டரைத் தாண்டிப் போய்விட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை எழுத்தில் படித்துச் சொல்ல என்னால் முடியாது. அந்த அளவையும், போர்டின் இரண்டு பக்கப் படத்தையும், நீல வில்லையில் 222 தவிர வேறென்ன எழுதியிருக்கிறது என்பதையும் அனுப்புங்கள், பார்க்கிறேன்.